திரையில் ஒட்டும் மருந்து

செங்காந்தள் விதையில் கிடைக்கும் கோல்சிசின், கௌட் மூட்டுவலிக்கு இன்றும் தரப்படும் மருந்து. செல்லுக்குள் நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் புரதத்தில், ஆல்ஃபா துண்டும் பீட்டா துண்டும் சேரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது; குழல் வளர்வதில்லை. வெள்ளணுக்கள் மூட்டை நோக்கி நகர்வது தடைபட்டு வலி தணிகிறது. அளவு மிஞ்சினால் அதே பிடிப்பு செல் பிரிவதை நிறுத்தி உயிரை எடுத்துவிடும். 2004இல் இந்தப் பிணைப்பின் படிக அமைப்பு வெளியாகி, உட்கார்ந்த இடம் தெரிந்தது.

இத்தகைய பொருத்தத்தைக் கணினியிலேயே தேடும் முறைதான் டாக்கிங். புரதத்தின் குழிகளில் மூலக்கூறைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, பிணைப்புக்கு மதிப்பெண் போடும். 2010இல் வெளியான ஆட்டோடாக் வினா இலவசம், மடிக்கணினியே போதும். ஆயிரம் சேர்மங்களில் எந்த ஐம்பதை முதலில் வாங்கிச் சோதிப்பது என்று தவிக்கும் சிறு கல்லூரி ஆய்வகத்துக்கு இது வரம்தான்.

மதிப்பெண்ணையே முடிவாக எழுதும்போதுதான் கோளாறு. 2020இல் கபசுரக் குடிநீரின் சேர்மங்களைக் கொரோனாவின் ஸ்பைக் புரதத்தோடு பொருத்திய கட்டுரைகள் வந்தன. இவ்வகைக் கட்டுரைகளில் −8.1 பெற்றது −7.4 பெற்றதைவிடச் சிறந்தது என்று அட்டவணை போடுவது வழக்கம். ஆட்டோடாக் வினாவை உருவாக்கியவர்களே அதன் மதிப்பெண்ணுக்குச் சொன்ன பிழை, மோலுக்குச் சுமார் 2.8 கிலோ கலோரி. 1.4 மாறினாலே பிணைப்பு பத்து மடங்கு மாறும்; ஆக, பிழை மட்டுமே நூறு மடங்கு. (பெரிய மூலக்கூறுக்குச் சும்மாவே கூடுதல் மதிப்பெண் விழுவது தனிக்கதை.)

மஞ்சளின் குர்குமின் இன்னும் சங்கடமானது. சோதனைக் குழாயிலேயே அது பல புரதங்களோடு வினைபுரியும், தானே ஒளிரும், உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். வேலை செய்வதுபோல் பொய்க்கணக்கு காட்டும். 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், நோயாளி, மருத்துவர் இருவருக்கும் மறைத்துச் செய்த எதுவும் வெற்றிபெறவில்லை என்றது 2017இல் வந்த ஒரு மதிப்பாய்வு.

1998இல் வெளியான பெங்களூர் ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அநேகமாக ஒன்றும் தெரியவில்லை. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் சுமார் 20 மடங்கு ஏறியது. குர்குமினை வெளியேற்றும் ஈரல், குடல் நொதிகளைப் பைப்பரின் தடுத்ததே காரணம். அந்த நொதிகளும் புரதங்கள்தான். நோய்ப் புரதத்தை மட்டும் ஏற்றிய திரையில் அவை வருவதே இல்லை.

டாக்கிங்கைக் கைவிடச் சொல்லவில்லை. தொடர்பே இல்லாத பத்து மாத்திரை மூலக்கூறுகளையும் அதே குழியில் ஓட்டிப் பார்க்க ஓர் இரவு போதும். அவையும் −8 வாங்கினால் அட்டவணைக்கு மதிப்பில்லை. பல கட்டுரைகளில் இந்த ஒப்பீடு இருப்பதே இல்லை.