பதில்கள் இல்லாத புத்தகம்

இளையபாரதி தொகுத்த ‘கண்மணி கமலாவுக்கு’ நூலை, அது அந்தரங்கம், இலக்கியமாகாது என்று ஒதுக்குபவர்கள் நம்மிடையே உண்டு. இவர்களுக்கு வேண்டியது ‘பொன்னகரம்’ எழுதிய புதுமைப்பித்தனின் ஏளனம். அதே மனிதர் கையில் காசில்லாததை மனைவியிடம் ஒப்புக்கொண்டால் கூச்சப்படுகிறார்கள். என் சண்டை இந்தக் கூச்சத்தோடுதான்.

‘செல்லம்மா’ளில் பிரமநாயகம் பிள்ளை, சாகக் கிடக்கும் மனைவிக்கு எல்லாப் பணிவிடையும் செய்கிறார், தன் பயத்தை மட்டும் அவளிடம் சொல்வதில்லை. கதையில் அந்த மௌனம் கலை. நாமோ அதை ஆண்பிள்ளை லட்சணமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். எழுதியவர் அப்படி வாழவில்லை. சென்னையிலிருந்தும், 1948இல் காசநோயால் இறப்பதற்குச் சற்று முன், படவேலையாகப் போயிருந்த பூனாவிலிருந்தும், பணமுடையையும் பிரிவையும் கமலாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் சத்தியம் என்று நான் வாதிக்கவில்லை. பணம் வந்துவிடும் என்று அவர் தைரியம் சொல்லும்போது, அது நம்பிக்கையா வெறும் சமாதானமா? அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் பென்னாகரத்தில் வங்கிக் குமாஸ்தா. மனைவி ஊரில். தினமும் இரவில் செல்போனில் பேசுகிறோம்: சாப்பாடு, சிலிண்டர், பையனின் இருமல். பதவி உயர்வுத் தேர்வில் தோற்றதை மூன்று மாதம் மறைத்திருந்தேன். இக்கடிதங்களைப் படித்து முடித்த இரவு சொன்னேன்.

“தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள்.

கமலாவும் சிறுகதை எழுதியவர். அவருடைய பதில்கள் இந்தப் புத்தகத்தில் இல்லை. அன்றிரவிலிருந்து நான் படிக்க விரும்புவது அவற்றைத்தான்.