முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம்

மோரிஸ் மைனர் 1000 வண்டியின் எஞ்சின் நின்ற இடத்தில் தாளம் தப்பித் துடிப்பதற்கும், மேடேறும்போது இழுவை விட்டுத் தளர்வதற்கும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினால் இரண்டும் தீரும் என்று நம்புவதிலிருந்தே இந்த வண்டிக்கு நேரும் பெரும்பாலான கொடுமைகள் தொடங்குகின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் தானே ஓடும் ஐட்லிங் நிலையில் காற்று செல்லும் வழி ஏறக்குறைய மூடியிருப்பதால், தேய்ந்த திராட்டில் தண்டின் ஓரமாகவோ மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் விரிசல் வழியாகவோ நுழையும் சிறு கசிவும் அங்கே பெரிதாகத் தெரிகிறது. வேகம் கூடியதும் அதே கசிவு மொத்தக் காற்றோடு கலந்து மறைந்துவிடுகிறது. மேட்டிலோ, சிலிண்டருக்குள் கலவை அடர்ந்து அழுத்தம் கூடுவதால், பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டியிருக்கிறது. எனவே தளர்ந்த காயிலும் கெட்டுவரும் கண்டென்சரும் ஐட்லிங்கில் குறை காட்டாமல் இருந்துவிட்டு, பாரம் ஏறிய பிறகே மிஸ் அடிக்கத் தொடங்குகின்றன.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த மைனர், 1956-இல் 948 சிசி எஞ்சினையும் 1962-இல் 1098 சிசி எஞ்சினையும் பெற்றதும், பத்து லட்சம் வண்டிகளை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் என்று 1961-இல் பெயர் எடுத்ததும் அதன் அன்பர் அனைவரும் அறிந்தவை. அவ்வன்பர்கள் வண்டியின் உருண்ட உடலையும் வளைவில் அது திரும்பும் அழகையும் எவ்வளவு பேசினாலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பானட்டைத் திறந்து நிற்பவருக்கு அந்த வண்டியின் ஆகச் சிறந்த உறுப்பு எஸ்.யூ. கார்புரேட்டர்தான். காலணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர், தாமஸ் கார்லைல் ஸ்கின்னர் என்ற உடன்பிறந்தார் 1910-இல் நிறுவிய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே எஸ்.யூ. என்பது. 1926-இல் மோரிஸ் கார்களைத் தயாரித்த வில்லியம் மோரிஸ் அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். இன்று பித்தளையும் அலுமினியமுமாகக் காணப்படும் இக்கருவியின் தொடக்க வடிவங்களில், பிஸ்டன் இருக்கும் இடத்தில் தோல் துருத்தி இருந்தது என்பதை நினைக்கையில், செருப்புத் தோலை அறிந்த கைகளிலிருந்து இப்படியொரு நுட்பம் பிறந்ததை வியக்காமல் இருக்க முடிவதில்லை.

பிற கார்புரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் காற்றுவழியின் அகலம் மாறாதது. எஞ்சினின் வெவ்வேறு தேவைகளுக்காக அவற்றில் வெவ்வேறு ஜெட்டுகளை, அதாவது அளந்து துளையிட்ட பெட்ரோல் வாய்களை, அமைக்க வேண்டியிருக்கிறது. எஸ்.யூ.வில் இருப்பது ஒரே ஜெட். அதனுள் நுனி நோக்கி மெலிந்து செல்லும் ஓர் ஊசி தொங்குகிறது. அந்த ஊசியைத் தாங்கும் பிஸ்டன், எஞ்சின் உறிஞ்சும் அளவுக்கு ஏற்பத் தானே உயர்ந்து காற்றுவழியையும் பெட்ரோல் வழியையும் ஒருசேர அகலமாக்குகிறது. சோலெக்ஸ் கார்புரேட்டரின் எளிமையையும் வெபர் கார்புரேட்டரின் வேகத்தையும் போற்றுவோர் இதைத் தேயும் உறுப்புகள் மிகுந்த பழங்கருவி என்பர்; திராட்டில் தண்டு தேய்கிறது என்ற அளவில் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனிடம் ஒரு கேள்வி கேட்டு அந்தக் கணத்திலேயே விடை பெறும் வசதியை அவர்கள் விரும்பும் கருவிகள் இந்த அளவுக்குத் தருவதில்லை. எஸ்.யூ.வின் உடலுக்கு அடியில் சிறு ஆணிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் தூக்குமுளைதான் அந்த வசதி. விரலால் மேலே தள்ளினால் அது பிஸ்டனைச் சற்றே தூக்கிவிடும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் பிஸ்டனை அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, உயர்த்தினால் காற்றுவழி அகன்று, ஜெட்டின் மேல் உறிஞ்சல் குறைந்து, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. உடனே எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நிலைத்தால், முன்பு பெட்ரோல் மிகுந்திருந்தது என்று பொருள். வேகம் தாழ்ந்து எஞ்சின் அணையப் பார்த்தால், பெட்ரோல் முன்பே போதாமல் இருந்தது என்று பொருள். ஒரு நொடி மிகச் சிறிதளவு எழுந்து பழைய ஓட்டத்துக்குத் திரும்பினால் கலவை சரி. சைலன்சரின் ஒலியும் இதற்குச் சான்று சொல்கிறது: பெட்ரோல் மிகுந்தால் மிஸ் ஒழுங்கான இடைவெளியில் விழுவதோடு கரும்புகையும் வரும், குறைந்தால் ஒழுங்கின்றித் தெறிப்பதுபோல் கேட்கும், புகையில் நிறம் இராது. எஞ்சின் நின்றிருக்கும்போது அதே முளையால் பிஸ்டனை முழுதும் உயர்த்தி விட்டால், அது தடையின்றி இறங்கிக் கீழே உலோகத்தில் பட்டு ‘டக்’கென்று ஒலிக்க வேண்டும். அந்த ஒலி மழுங்கியிருந்தால் ஊசி ஜெட்டின் நடுவில் இல்லை, அல்லது பிஸ்டன் அழுக்கில் சிக்குகிறது. பல வண்டிகளின் இழுவைக் குறைவு இவ்வளவில் தீர்ந்துவிடுகிறது. மேல்மூடியைத் திருகி எடுத்து, பிஸ்டன் துள்ளாமல் தடுக்கும் டேம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். அது வற்றியிருந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்திய கணத்தில் எஞ்சின் திக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், மின்பொறியைச் சீர்செய்யாமல் இந்தக் கேள்வியைக் கேட்பது வீண் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரின் மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி டிஸ்ட்ரிபியூட்டருக்கு உரியது. பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலமும் பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலமும் இருக்க வேண்டும்; பாயிண்டின் முகம் எரிந்து குழிந்திருந்தால் கண்டென்சரை ஐயுற வேண்டும். காப்புள்ள இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும்போது எதை எடுத்தும் ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. அடுத்தடுத்த 2, 3 ஆகிய இரண்டும் ஒருங்கே சோர்ந்து, இரண்டிலும் கம்ப்ரஷன் குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று ஏறக்குறைய உறுதியாகக் கூறலாம். சாவியைத் திருப்பியதும் சிறிது நேரம் தட்டிவிட்டு அடங்க வேண்டிய மின் பெட்ரோல் பம்ப் அடங்காமல் தட்டிக்கொண்டே இருந்தால், டாங்கில் பெட்ரோல் இருக்கும் நிலையில், உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் காற்று புகுகிறது. பாயிண்டையும் கண்டென்சரையும் எறிந்துவிட்டு மின்னணுப் பெட்டி பொருத்துவதே தீர்வு என்போரின் கருத்து மதிக்கத் தக்கதே. ஆயினும் வேறு எதையும் பார்க்காமல் முதலில் அந்தப் பெட்டியைப் பொருத்துவோர், அடிப்படைப் பழுது எது என்பதை அறியும் வாய்ப்பை இழக்கின்றனர்.

எரிபொருளும் இந்த வண்டிக்கு மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000-ஆம் ஆண்டோடு விடைபெற்றபின், கடினப்படுத்தப்பட்ட இருக்கை பொருத்தாத எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் மெல்லப் புதைகிறது. புதையப் புதைய, 0.012 அங்குலமாக இருக்க வேண்டிய டேப்பட் இடைவெளி சுருங்கி, வால்வு முழுதும் மூடாமல் எரிந்து, இழுவை போய்விடுகிறது. டேப்பட்டின் ஓசை நின்றுவிட்டதே என்று உரிமையாளர் மகிழும் நாளில்தான் கேடு முற்றியிருக்கும் என்பதால், அமைதியான டேப்பட்டுக்கு அஞ்சவேண்டியதாகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல், தன்னுள் ஆக்ஸிஜன் கொண்டிருப்பதால், பழைய அளவில் வைத்த ஜெட்டோடு கலவையை மெலியச் செய்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கிறது. 10 சதவீதக் கலப்பு 2021 செப்டம்பரில் பிரிட்டனில் பொதுவழக்கானது. இந்தியாவில் அது இப்போது 20 சதவீதம். நன்றாக ஓடிய மைனர் ஒன்று தூக்குமுளையைத் தொட்டதும் அணையப் பார்ப்பது இதனாலும் நிகழலாம். ஜெட்டின் கீழுள்ள அறுகோண நட்டை ஒரு முகம் கீழே இறக்கிவிட்டு மறுபடி கேட்டுப் பார்ப்பதே அதற்கு முறை.

மைனர் ஒரு காலத்தில் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் இந்தியச் சாலைகளிலும், வாடகைக் காராக இலங்கையின் தெருக்களிலும் ஓடியபோது, தடிமன் எண் பொறித்த ஃபீலர் தகடும் ஒரு திருப்புளியும் கொண்டு அதைச் சீராக்கும் கைகள் எளிதில் கிடைத்தன. தகட்டைப் பாயிண்டுக்கு நடுவே இழுக்கும்போது விரலில் படும் மெல்லிய பிடிப்பைக் கொண்டே அவை இடைவெளியை அறிந்தன. இன்று ஸ்கேனர் காட்டும் எண்ணைப் படிக்கத் தெரிந்த பட்டறைக்கு, எண் காட்டாத எஞ்சின் வந்து நின்றால் என்ன செய்வதென்று தெரிவதில்லை. பழுது கண்டறியப்படுவதற்குப் பதிலாக உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. புதிதாக வாங்கிய ரோட்டரும் கண்டென்சரும் தரம் குன்றி, கழற்றி எறிந்த பழையவற்றுக்கு முன்பே கெட்டுப்போவதால், மாற்றப்பட்ட உறுப்பையே மறுபடி ஐயுற வேண்டிய நிலையும் வந்திருக்கிறது. ஆதலால் மைனரை வைத்திருப்போர் பழைய உறுப்புகளைத் துடைத்து எடுத்து வைக்கட்டும். கார்புரேட்டரைக் கழற்றும்படி எவரேனும் சொன்னால், எஞ்சினைச் சூடேற்றி, விரலை அந்த முளையின் கீழ் வைத்து, சைலன்சர் என்ன சொல்கிறது என்பதை முதலில் கேட்கட்டும்.