டப்பா டிவியும் கேள்வி கேட்கும் டிவியும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் பழைய 21 இன்ச் டப்பா டிவியை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு, 43 இன்ச் ஸ்மார்ட் டிவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினேன். கேபிளையும் நிறுத்திவிட்டேன். "எல்லாம் ஆப்லயே வரும்மா, மாசாமாசம் காசு மிச்சம்" என்று சொன்னது நான்தான். அம்மாவுக்கு 72 வயது. ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறார். பொங்கலுக்குத் திரும்பப் போனபோது அந்த டிவி மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அம்மா இரண்டு வீடு தள்ளிப் போய், அங்கே உட்கார்ந்து சீரியல் பார்த்துவிட்டு வருகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீ வச்சுக் குடுத்தா ஓடுதுய்யா. நீ போனப்புறம் போட்டா, அது என்னையக் கேள்வி கேக்குது" என்றார்.

இதை நான் சும்மா விட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தில் மூன்று வருடம் வீடியோ பிளேயர் குழுவில் வேலை பார்த்தவன் நான். பழைய மாதிரி டிவி பார்ப்பவர்களைப் பற்றி எங்களிடம் இரண்டு விளக்கங்கள் தயாராக இருந்தன. ஒன்று, பழக்கதோஷம். இன்னொன்று, வயசானவங்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது. இரண்டாவதை முதலில் தள்ளிவிடலாம். அம்மா வாட்ஸாப்பில் வாய்ஸ் நோட் அனுப்புகிறார், காய்கறிக்காரருக்கு ஸ்கேன் பண்ணிக் காசு போடுகிறார். புரியாதவர் இல்லை. பழக்கம் என்பது விளக்கமே இல்லை. போனில் இல்லாத பழக்கமா? அது எப்படி வந்தது?

சரி, அப்படி என்னதான் கேட்கிறது என்று ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பவரை அழுத்தினால் கம்பெனி லோகோ. பிறகு "யார் பார்க்கிறீர்கள்?" என்று என் பெயரும் "குழந்தைகள்" என்பதும் (அம்மா இரண்டும் இல்லை). அடுத்து பாதித் திரைக்கு ஒரு படத்தின் விளம்பரம். அதைத் தாண்டிக் கீழே இறங்கி ஆப்பைப் பிடித்தால், புதுப்பிக்கட்டுமா என்கிறது. புதுப்பித்தால் லாகின் போய்விட்டது. போன் நம்பர் கேட்கிறது, ஓடிபி கேட்கிறது. அந்த ஓடிபி பெங்களூரில் இருக்கும் என் போனுக்கு வரும்! நான் மீட்டிங்கில் இருந்தால் ராஜபாளையத்தில் சீரியல் கிடையாது. மொத்தம் 17 அழுத்தங்கள் எண்ணினேன். பழைய டிவிக்கு இரண்டு: டிவி ஒன்று, செட்டாப் பாக்ஸ் ஒன்று. நேற்று விட்ட சேனல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் குழுவில் தினமும் பார்த்த எண் ஒன்று உண்டு. பிளே பொத்தானை அழுத்தியதிலிருந்து முதல் காட்சி வரும்வரை எத்தனை நொடி என்பது அது. அதில் கால் நொடி குறைத்ததற்காக கேக் வெட்டியிருக்கிறோம். பிளே பொத்தானுக்கு வந்து சேர ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை நாங்கள் அளந்ததே இல்லை. கடிகாரத்தைத் தப்பான இடத்தில் ஆரம்பித்துவிட்டோம். டப்பா டிவியில் பிளே பொத்தானே கிடையாது, அதனால் அந்தக் கணக்குக்குள் அது வராது.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1974ல் தொலைக்காட்சி பற்றி எழுதிய புத்தகத்தில் இதன் மூலம் இருக்கிறது. டிவியை நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பிரித்துப் பார்ப்பது தப்பு, அது ஓட்டம் என்றார். நிகழ்ச்சி, விளம்பரம், அடுத்த நிகழ்ச்சியின் முன்னோட்டம் எல்லாம் சேர்ந்த ஒரே நீரோட்டம். பிரிட்டனிலிருந்து கப்பலில் போய் மயாமியில் இறங்கிய ராத்திரி, அமெரிக்க டிவி முன்னால் திகைத்துப்போய் உட்கார்ந்ததிலிருந்து வந்த யோசனை அது. அவர் அதைக் குறையாகவும்தான் பார்த்தார், ஒரு நிகழ்ச்சியில் மாட்டியவரை அடுத்ததற்கும் இழுத்துக்கொண்டு போகும் உத்தி என்று. அந்தக் குறை உண்மை. ஆனால் ஓடுகிற தண்ணீரில் கால் நனைக்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு விளம்பர இடைவேளை என்றால் குக்கரை அணைக்கும் நேரம். நிறுத்திவைத்து அப்புறம் பார்க்கலாம் என்ற வசதியை நான் பெருமையாகக் காட்டியபோது, "நிப்பாட்டி வச்சா அது எனக்காகக் காத்துக் கெடக்குமே" என்றார். அவருக்கு அது வசதியாகப் படவில்லை, முடிக்க வேண்டிய இன்னொரு வேலையாகப் பட்டது.

தேர்வு அதிகமானால் மனிதர் திணறுவார் என்பதற்கு எல்லோரும் 2000ல் வந்த ஜாம் பாட்டில் ஆய்வைக் காட்டுவார்கள். 24 வகை வைத்ததைவிட 6 வகை வைத்தபோது அதிகம் விற்றதாம். நான் அதை இழுக்கப் போவதில்லை. 2010ல் இப்படிப்பட்ட சோதனைகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில் சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். நம் ஊரிலேயே இதைவிடப் பொருத்தமான கதை இருக்கிறது. 2019 பிப்ரவரியில் டிராய் புதுக் கட்டண முறையைக் கொண்டுவந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய் அடிப்படை, வரி தனி, அதற்கு மேல் வேண்டிய கட்டணச் சேனலை நீங்களே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். காகிதத்தில் அருமையான ஜனநாயகம். நடந்தது என்ன? தேர்வு செய்யாதவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால் கெடுவை மார்ச் 31 வரை நீட்டி, அவர்களுக்குப் பொருத்தமான ஒரு தொகுப்பை கேபிள்காரர்களே போட்டுவிடச் சொன்னார்கள். தெருவில் நானே பார்த்தது: "அண்ணே, எப்பவும் வர்ற மாதிரி போட்டுவிடுங்க."

எண்ணிக்கை இங்கே பெரிய விஷயமில்லை என்றே நினைக்கிறேன். டப்பா டிவியிலும் 200 சேனல் வந்ததே. யாரிடம் கேட்கிறது, யார் பெயரில் கேட்கிறது என்பதுதான் விஷயம். 2006ல் தமிழக அரசு 14 அங்குல கலர் டிவி கொடுத்தபோது கணக்கு குடும்பத்துக்கு ஒன்று. டிவி வீட்டுக்குச் சொந்தம், நாற்காலி மாதிரி. விருந்தாளி வந்து போட்டாலும் ஓடும். இன்றைய ஸ்மார்ட் டிவி ஒரு போன் நம்பருக்குச் சொந்தம். அந்த நம்பர்காரர் ஊரில் இல்லையென்றால் மற்ற எல்லோரும் அதற்கு அந்நியர்.

2021ல் நெட்ஃபிளிக்ஸ், எதையாவது நீயே போடு என்கிற மாதிரி ஒரு பொத்தான் வைத்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். பார்த்தீர்களா, மக்கள் தேர்வு செய்யத்தான் விரும்புகிறார்கள் என்று ஒரு நண்பர் வாதாடினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பொத்தானை அடைவதற்கும் முதலில் யார் பார்க்கிறீர்கள் என்ற வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டி அழுத்தினாலும், ஓடுவதைத் தெருவில் வேறு யாரும் அதே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த "அதே நேரம்" சின்ன விஷயமில்லை. செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, சிக்னல் போய்த் திரும்பக் கால் நொடி. குறியாக்கம், பாக்ஸ் எல்லாம் சேர்த்தாலும் சில நொடிகள்தான். ஸ்ட்ரீமிங்கில் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறோம். பரவலாகப் புழங்கும் ஆப்பிளின் முறையில் முதலில் துண்டுக்கு 10 நொடி, பின்னால் 6 நொடி என்றார்கள். பிளேயர் மூன்று துண்டு கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட ஆரம்பிக்கும். ஆக 18லிருந்து 30 நொடி பின்தங்கல். இப்போது குறைக்க வழிகள் வந்துவிட்டன, ஆனால் கிரிக்கெட் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்த கத்தல் கேட்டுவிட்டது, நம் திரையில் பவுலர் இன்னும் பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று, இது நான் எதிர்பாராதது. அம்மா தரையில் பாய் போட்டு உட்கார்ந்து பார்ப்பவர். கடையில் வந்த பையன் சோபாவில் உட்காருகிறவர் கண் மட்டத்துக்கு டிவியை மாட்டிவிட்டுப் போனான். பிக்சர் டியூபில் பாஸ்பர் பூச்சே ஒளிவிடுவதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் ஒன்றுதான். எல்சிடியில் பின்னால் இருக்கும் விளக்கைத் திரவப் படிகம் மறைத்து மறைத்துத்தான் படம் வருகிறது. விலை குறைந்த பேனலைக் கீழேயிருந்தோ பக்கவாட்டிலோ பார்த்தால் வெளிறிப்போகும். பாயில் உட்கார்ந்து பார்த்தேன், கதாநாயகி முகம் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. சத்தமும் அப்படித்தான். அந்த டப்பா டிவிக்கு ஸ்பீக்கர் முன்பக்கம், அடுப்படியில் இருந்தே வசனம் கேட்கும். புதியதில் இடமில்லாததால் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம். அம்மா டிவியைப் பாதி நேரம் காதால்தான் "பார்க்கிறார்" என்பது வாங்கும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

இதையெல்லாம் சொன்னவுடன் "ஆமா சார், அந்தக் காலத்துல குடும்பமே ஒண்ணா உக்காந்து" என்று ஆரம்பிப்பவர்களோடு நான் சேரவில்லை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க ஊரே ஒரு வீட்டில் கூடியது என்பார்கள். கூடியது உண்மை. யார் உள்ளே பாயில், யார் ஜன்னலுக்கு வெளியே என்பதும் உண்மை. எங்கள் வீட்டில் ரிமோட் அப்பா கையில்தான் இருந்தது. அவர் இருந்தவரை அம்மா விரும்பிய சேனல் எட்டு மணிக்கு ஓடியதே இல்லை. என் மகள் எல்லாவற்றையும் போனில் ஹெட்போன் மாட்டிப் பார்க்கிறாள். அந்த ரிமோட்டை நினைத்தால் அவள் செய்வது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொங்கல் முடிந்து கிளம்பும் முன் கேபிள்காரரைக் கூப்பிட்டு இணைப்பைத் திரும்ப வாங்கினேன். ஆன் செய்ததும் முகப்புக்குப் போகாமல் கடைசியாகப் பார்த்த இன்புட்டுக்கே போகச் சொல்லும் வசதி அந்த டிவியிலேயே இருந்தது, மெனுவுக்குள் ஐந்து படி இறங்கி. கம்பெனியிலிருந்து வரும்போது அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. முகப்பில்தானே விளம்பரம் ஓடுகிறது. டிவியைக் கழற்றி ஒன்றரை அடி கீழே இறக்கினேன். சுவரில் நாலு ஓட்டை மிச்சம்.

நேற்று போன் பண்ணினேன். கேள்வி கேட்கிறதா என்றேன். "இல்லய்யா, போட்டதும் வருது. சத்தம்தான் இன்னும் அடுப்படிக்கு வரமாட்டேங்குது." இரண்டாயிரத்துக்குள் முன்பக்கம் பார்த்த ஸ்பீக்கர், புளூடூத் இல்லாமல் ஒயரில் மாட்டுவது, டிவி போட்டதும் தானாக ஆன் ஆவது, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.