மூலமும் குரலும்: ஓர் இராமாயண அசைவூட்டப்படத்தின் ஆங்கில வடிவங்கள்

முன்னுரை

அயல்மொழிப் படத்திற்கு ஆங்கிலக் குரல் சேர்ப்பதை மூலத்திலிருந்து விலகும் செயலாகக் கருதுவதே பொதுவழக்கு. யூகோ சாகோ, ராம் மோகன், கோயிச்சி சசாகி ஆகிய மூவரின் இயக்கத்தில் உருவான ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்னும் இந்திய ஜப்பானியக் கூட்டுப்படைப்பு இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. அதன் ஆங்கில வடிவங்களைத் தமிழ் வழிநூல் மரபின் துணையுடன் மதிப்பிட இக்கட்டுரை முயல்கிறது.

மூலம் எது?

1993 இல் திரையிடப்பட்ட இப்படத்தின் ஓவியங்களில் பெரும்பங்கு ஜப்பானியக் கலைஞர்களுடையது, கதை வான்மீகியுடையது, பாடல்கள் வடமொழியில் அமைந்தவை. உரையாடல்களோ முதலில் ஆங்கிலத்திலேயே அமைந்தன. ஜப்பானிய வடிவம் அதன் பின்னரே வந்தது. எனவே இங்கு ஆங்கிலம் பெயர்ப்புமொழி அன்று, உரையாடலின் மூலமொழி. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தும் தொல்காப்பியர், வழிநூலுக்கும் மரபுத்தகுதி உண்டென ஏற்கிறார். பெருங்காப்பியத்தை ஏறத்தாழ இரண்டேகால் மணிநேரத்தில் சுருக்கும் இப்படம் தொகுத்தலும் மொழிபெயர்ப்பும் கலந்த வழிநூல் எனலாம்.

இரண்டு ஆங்கிலங்கள்

முதல் ஆங்கில வடிவில் இந்தியக் கலைஞர்களே பேசினர். நிகில் கபூர் இராமனுக்கும், மும்பை நாடக உலகைச் சேர்ந்த ரெயல் பதம்ஸி சீதைக்கும் குரல் தந்தனர். பின்னர் அமெரிக்கப் பார்வையாளருக்கென ‘தி பிரின்ஸ் ஆஃப் லைட்’ என்னும் பெயரில் அமைந்த வடிவில் பிரையன் கிரான்ஸ்டன் இராமனாகவும், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் கதைசொல்லியாகவும் குரல் தந்தனர். முன்னது இந்திய நாவில் வழங்கும் ஆங்கிலம்; பின்னது கதையை அறியாதாருக்கு அறிமுகம் செய்யும் ஆங்கிலம். இந்தி வடிவில் அருண் கோவில் இராமனுக்குக் குரல் தந்தபோது, தொலைக்காட்சி இராமாயணத்தின் நினைவும் அக்குரலுடன் சேர்ந்து வந்தது. முதல் ஆங்கில வடிவிற்கு அத்தகைய முன்நினைவு இல்லை. அதுவே அதன் வலிமை; ஓவியம் காட்டும் இராமனையன்றி வேறெவரையும் அது நினைவூட்டுவதில்லை.

குர்லா, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் தமிழ்ப் பிள்ளைகள் உளர். அவர்களுக்கு முதல் வடிவின் ஆங்கிலம் அயல்நாட்டு மொழியாக ஒலிப்பதில்லை. தம் ஆசிரியர் பேசும் மொழியாகவே ஒலிக்கிறது. காப்பியம் அடுத்த தலைமுறையைச் சேரும் வழிகளுள் இதுவும் ஒன்று என்பதை ஆய்வாளர் புறக்கணித்தல் கூடாது.

முறைப்பெயர்ச் சிக்கல்

ஆயினும் இவ்வழியில் ஓர் இழப்பு உண்டு. கம்பரின் இராமன் குகனை ஐந்தாமவனாகவும், சுக்கிரீவனை ஆறாமவனாகவும், வீடணனை ஏழாமவனாகவும் உடன்பிறப்பாக்குகிறான். குலம் கடந்து உறவு விரியும் காப்பிய அறம் இம்முறைப்பெயரில்தான் நிலைகொள்கிறது. தமிழில் அண்ணன், தம்பி என இருப்பதுபோல் ஜப்பானிய மொழியிலும் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் தனிச்சொற்கள் உண்டு. மரியாதை வேறுபாடுகளும் உண்டு. ஆங்கிலத்தின் ‘பிரதர்’ மூப்பையும் இளமையையும் காட்டாது. ‘யூ’ என்பது நீ, நீர், தாங்கள் ஆகியவற்றின் வேறுபாட்டைக் காட்டாது. பரதனின் பணிவையும் இலக்குவனின் உரிமையையும் ஆங்கில நடிகர் குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே உணர்த்த இயலும். சொல் தரவேண்டியதைத் தொனி சுமக்கிறது.

2025 சனவரி 24 அன்று இப்படம் புதுப்பிக்கப்பட்ட வடிவில் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. இத்தகைய தமிழ் வடிவத்தை ஆக்குவோர் முன் இரு வழிகள் உள்ளன: ஆங்கிலத் தொடரை வாயசைவுக்கேற்பப் பெயர்ப்பது ஒன்று, ஆங்கிலம் விட்டுச்சென்ற முறைப்பெயர்களை மீட்பது மற்றொன்று. முன்னது உதட்டுக்குப் பொருந்தும். பின்னதே கதைக்குப் பொருந்தும்.

முடிவுரை

குரல்சேர்ப்பு வெறும் தொழில்நுட்பப் பணி அன்று, அதுவும் வழிநூலாக்கமே. இவ்வளவையால் நோக்கின், முதல் ஆங்கில வடிவம் அமெரிக்க வடிவத்தினும் மேம்பட்டது. எனினும் அது தமிழ் வடிவிற்கு மாற்றாகாது. இராமன் தன் தம்பியைத் ‘தம்பி’ என்றழைப்பதைக் கேட்கும் வாய்ப்பு மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கும் வேண்டும். இராமாயண வடிவங்களை ஆராயும் தமிழ்த்துறைகள், ஏட்டு வடிவங்களோடு இக்குரல் வடிவங்களையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் தகும்.