பங்கீடும் உடைமையும்: அரசியல் மேடையில் மார்க்ஸ்

மார்க்ஸின் பெயர் நம் அரசியல் மேடைகளில் இருவகையாக வழங்குகிறது. ஒரு சாரார்க்கு அது அச்சம். பிறர் சொத்தைப் பறித்துப் பகிர்ந்தளிக்கும் கொள்கை என்பர். 2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் பரப்புரையில் செல்வ மறுபங்கீடு பற்றி எழுந்த கூக்குரல் இதற்குச் சான்று. மற்றொரு சாரார்க்கு அது அணிகலன்; ஏழைக்கு அரசு அளிக்கும் உதவி அனைத்தும் சமதர்மம் என்பர். 1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் சோசலிசம் அரசியலமைப்பின் முகவுரையில் இடம்பெற்றது. அதனை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் தள்ளுபடி செய்த உச்சநீதிமன்றம், இந்தியச் சூழலில் அதன் பொருள் மக்கள்நல அரசே என விளக்கிற்று. அவ்விளக்கம் நம் சட்டத்திற்குரியது. அதனை மார்க்ஸின் கருத்தெனக் கொள்வது பிழை.

அஞ்சுவோரும் அணிவோரும் ஒரே இடத்தில் இடறுகின்றனர். இருவருமே மார்க்ஸைப் பங்கீட்டின் ஆசிரியராகக் கருதுகின்றனர். அவரோ 1875-இல் கோத்தா திட்டத்தை விமரிசித்தபோது இப்போக்கையே கண்டித்தார். நுகர்பொருள் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது, உற்பத்திச் சாதனங்கள் யாரிடம் உள்ளன என்பதன் விளைவே என்பது அவர் வாதம்.

உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தைச் சூழ்ந்த பகுதியில் ஏரிப்பாசன வயல்களும் கற்குவாரிகளும் உள்ளன. அரசு நிலத்திலுள்ள குன்று அரசின் உடைமை. குத்தகைதாரர் அரசுக்குரிய தொகையைச் செலுத்திக் கல்லெடுக்கிறார்; பாறை உடைப்போர் தம் உழைப்புச் சக்தியைக் கூலிக்கு விற்கின்றனர். குன்று அரசுடைமை என்பதால் இவ்வுறவு மாறிவிடுவதில்லை. அரசுடைமையே பொதுவுடைமை என்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். கூலி உயர்வு தேவையே. ஆயினும் உழைப்பு படைக்கும் மதிப்பில் கூலி போக எஞ்சும் உபரி யாருக்குச் சேர்கிறது என்ற வினா, கூலி உயர்ந்த பின்னும் நிற்கும்.

இவ்வட்டத்தின் தலைநகரான உத்திரமேரூரை மக்களாட்சியின் தொட்டில் எனத் தலைவர்கள் போற்றுகின்றனர். முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) போற்றத்தக்கனவே. ஆனால் வாரிய உறுப்பினராவதற்கு வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என அவை விதித்ததை மேடையில் யாரும் சொல்வதில்லை. வேதம் கற்றோர்க்கு நில அளவு குறைக்கப்பட்டது; நிலமே இல்லாதோர்க்கு இடமில்லை. உடைமையே ஆட்சியுரிமையை வரையறுக்கும் என்ற மார்க்ஸின் கூற்றுக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

எனினும் மார்க்ஸியர் பலரும் ஒன்றைத் தவறவிட்டனர். சாதியை மேற்கட்டுமானம் என ஒதுக்கினர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலம் யார்க்கு மறுக்கப்படும் என்பதைச் சாதியே தீர்மானித்தது. ஆட்சியர் திரமென்ஹீர் தம் அறிக்கையில் இதனை எடுத்துரைத்தார். ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய மிஷனெரிமார் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வேண்டுமென வாதாடினர். 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீடு பிறந்தது. அந்நிலங்கள் பல பிறர் கைக்கு மாறின; அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கல்பட்டில் காவல்துறை சுட்டு இருவர் உயிரிழந்தனர்.

நம் பிரசங்கங்களில் மார்க்ஸின் பெயர் எழும்போதெல்லாம் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆதித் திருச்சபை எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கு விசுவாசிகள் தம் உடைமைகளை விற்றுத் தேவைக்கேற்பப் பகிர்ந்தனர். அது அன்பின் பங்கீடு. மார்க்ஸின் வினாவை நெருங்கி நிற்பது லேவியராகமம் 25-ஆம் அதிகாரமே. யூபிலி ஆண்டில் தானியமன்று, நிலமே குடும்பத்திற்குத் திரும்புகிறது. நிலம் கர்த்தருடையதாதலின் எவரும் அதனை நிரந்தரமாய் விற்கவோ வாங்கவோ இயலாது. மார்க்ஸ் இவ்விடத்தில் நம்மைவிட்டுப் பிரிகிறார். உடைமை உறவு மாறினால் மனிதன் மாறுவான் என அவர் நம்பினார். பாவத்தின் ஆழத்தை வேதம் அதனினும் கடுமையாய் அறிந்துள்ளது. அதனாலன்றோ யூபிலி மீண்டும் மீண்டும் வரவேண்டியதாயிற்று!

ஆண்ட்ரூவும் கௌடியும் பிச்சை கேட்கவில்லை, நிலம் கேட்டனர். இன்று திருச்சபையும் நிலமுடைய நிறுவனமாய் நிற்கிறது. மார்க்ஸை மறுக்கவோ ஏற்கவோ முற்படுமுன், அந்நிலம் யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்விக்கு அது விடையளிக்கட்டும்.