மனோரமா: காதால் கற்ற நடிப்பு

மனோரமாவின் நடிப்பில் முதலில் வருவது குரல். முகபாவமும் உடல் அசைவும் அதன் பின்னால்தான் வந்து சேரும். பாத்திரம் எந்த ஊர்க்காரி, என்ன தொழில், எவ்வளவு கொடுத்து வைத்தவள் என்பதெல்லாம் அவர் வாயைத் திறந்த நான்காவது வார்த்தையில் தெரிந்துவிடும். நகைச்சுவை நடிகை என்று மட்டும் சொல்லி அவரைக் கடந்துபோகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

1937 மே 26ஆம் தேதி மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்ட பின் தாய் மகளோடு காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் குடியேறி, வீட்டு வேலை செய்து பிழைத்தார். படிப்பு பாதியில் நின்றது, பாட்டு நிற்கவில்லை. மேடையில் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பேர் வாங்கிய சிறுமிக்கு நாடகக்காரர்கள் சூட்டியதுதான் மனோரமா என்ற பெயர். பின்னாளில் ஊரே அழைத்த ‘ஆச்சி’ செட்டிநாட்டுச் சொத்து.

அன்றைய நாடக மேடை குரலுக்கான பட்டறை. கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவன் காதில் வசனம் விழ வேண்டும். அவன் சிரிக்கும்வரை அடுத்த வரியைப் பிடித்து நிறுத்தவும் தெரிய வேண்டும். எஸ். எஸ். ராஜேந்திரன் நாடகக் குழுவில் மனோரமா இரண்டையும் கற்றார். அண்ணாதுரை, கருணாநிதி ஆகியோரோடு மேடையிலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோரோடு திரையிலும் நடித்ததால் ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பெருமையை அவருக்கு ஓயாமல் சொல்வார்கள். அது சுவையான செய்தி, அவ்வளவுதான். நடிப்பைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

திரைக்கு அவரைக் கொண்டுவந்தவர் கண்ணதாசன். படம் ‘மாலையிட்ட மங்கை’, ஆண்டு 1958. 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். அந்த வழி நீளவில்லை. நீண்டிருந்தால் நாயகனைச் சுற்றி ஓடும் வேலையோடு அவர் கணக்கு முடிந்திருக்கும். அந்தக் கால நாயகிகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தமிழைப் பேச வேண்டியிருந்தது. நகைச்சுவைப் பாத்திரங்களுக்குத்தான் ஊர்ப்பேச்சு அனுமதிக்கப்பட்டது. அந்தச் சந்தில் புகுந்து மனோரமா தமிழ்நாட்டையே சுற்றி வந்தார்.

கே. பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) படத்தில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணாக நாகேஷுக்கு ஜோடி. தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் பேச்சு சினிமாவில் பெரும்பாலும் ‘ஏலே’ என்ற ஒற்றை விளியோடு முடிந்துவிடுவது வழக்கம். அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர்கள் கேட்டால் நெளிவார்கள். மனோரமா அந்த விளியை நம்பவில்லை. சொல்லை இழுக்கும் இடத்திலும் கேள்வியை முடிக்கும் இடத்திலும்தான் ஊர் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு வந்தாள் ஜில் ஜில் ரமாமணி. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆக்கியபோது, சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று பெரிய கூட்டமே சட்டகத்தில் நின்றது. நடுவே சில காட்சிகளுக்கு மட்டும் வந்துபோகும் நாடகக்காரி ரமாமணி. மதுரை, புதுக்கோட்டை தொடங்கித் தெற்கே சங்கரன்கோவில், கோவில்பட்டிச் சீமை வரை திருவிழா இரவுகளில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெண்ணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேடையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அவளுக்கு ஒரே குரல்தான்: மூக்கில் ஏறி, குழைந்து, வாக்கியத்தின் கடைசியில் சற்றே தொங்கி நிற்கும் குரல். பவுடரைக் கலைத்த பிறகும் ஆட்டக்காரியின் சாயல் கலையாது.

சிவாஜி நடித்த நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டு, எல்லா நாயனத்திலும் இதே சத்தம்தான் வருமா என்று அவள் கேட்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஞானமில்லாத கேள்வி, அரங்கு சிரிக்கிறது. மனோரமாவோ அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மெய்யான வியப்போடு, வேறு சொல் கிடைக்காத ஒருத்தியின் பாராட்டாகச் சொல்கிறார். ரசிகைக்கும் வித்வானுக்கும் இடையிலுள்ள தூரம், அவள் மனதின் சுத்தம் இரண்டும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகின்றன. சிவாஜி எதிரே நிற்கும்போது அந்தக் காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடிந்தவர்கள் மிகக் குறைவு.

அதே 1968இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் ‘வா வாத்தியாரே’ பாட்டைச் சொந்தக் குரலில் மெட்ராஸ் தமிழில் பாடினார். ரமாமணியின் குழைவு அதில் மருந்துக்கும் இல்லை. ஆஸ்திரேலிய நடிகை கேட் பிளான்செட் ‘தி ஏவியேட்டர்’ படத்தில் கேத்தரின் ஹெப்பர்னின் பேச்சை அப்படியே கொண்டுவந்து ஆஸ்கர் பெற்றார். ஹாலிவுட்டில் இப்படிப்பட்ட வேலைக்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் உண்டு. கோடம்பாக்கத்தில் மனோரமாவுக்குக் கிடைத்த பயிற்சியாளர் அவருடைய காது மட்டுமே.

விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) வேலைக்காரி கண்ணம்மாவிடமும் மெட்ராஸ் தமிழ்தான். நடிகர் கிஷ்முவோடு மல்லுக்கு நிற்கும் காட்சியில் ‘கம்முனு கெட’ என்ற அதட்டல் மறுபடி மறுபடி வருகிறது. ஒவ்வொரு தடவையும் அழுத்தம் வேறு, இடைவெளி வேறு. வேறு ஒருவர் வாயில் மூன்றாம் தடவையே சலித்திருக்கும்.

‘நடிகன்’ (1990) படத்தில் கிழவர் வேடமிட்ட சத்யராஜை நிஜக் கிழவரென்று நம்பிக் காதலிக்கும் முதிர்கன்னி. கேலிக்கு எழுதப்பட்ட பாத்திரம்தான். வயதை மீறி வரும் வெட்கத்தை அவர் அவ்வளவு நேர்மையாகக் காட்டிவிட்டதால், சிரித்த கையோடு கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. ‘சின்ன கவுண்ட’ரில் (1992) துருத்திய பல்லைக் கட்டிக்கொண்டு கொங்குத் தமிழ் பேசும் தாய். பல் ஒப்பனையாளர் தந்தது, தோரணை அவருடையது.

பிற்காலத்தில் இயக்குநர்கள் அவரை அழவைக்கத் தொடங்கினார்கள். நல்ல அழுகைதான், ஆனால் வேறு சிலராலும் அதைத் தர முடியும். தாயாகவும் பாட்டியாகவும் வரிசையாக வந்த பாத்திரங்களில் பலவற்றுக்கு ஊரும் இல்லை, பேச்சும் இல்லை. சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்தார். ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காக கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது. 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10ஆம் தேதி சென்னையில் காலமானார்.

நடிப்புக்காக அவருக்குக் கிடைத்த தேசிய விருது ஒன்றே ஒன்று; பார்த்திபனின் ‘புதிய பாதை’க்காக (1989), அதுவும் துணை நடிகை என்ற பிரிவில்.