டைல் துண்டும் அரைப்பேரும்

ஊவாவின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் சாதாரண தரத்தோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு இருக்கும் வழிகள் தெரிந்தவைதாம்: கொழும்பில் ஒரு கடை, இல்லாவிட்டால் ஒரு ஆடைத் தொழிற்சாலை. அந்த வரிசையில் மொசைக் கலைப் பழகுநர் பயிற்சியையும் சேர்க்கலாமா? உடைந்த டைல்களை ஒட்டிப் பொதுச் சுவரில் சித்திரம் செய்வது, அதற்கு உதவித்தொகை, முடிவில் ஒரு தொழில். கேட்க இனிக்கிறது. நிறுத்துப் பார்த்தால்?

இவ்வகைத் திட்டங்களில் முறையாக நிறுத்துப் பார்க்கப்பட்டவை குறைவு. சிக்காகோவினது அவற்றில் ஒன்று. 1991இல் நகர நடுவே வெறுமனே கிடந்த நிலத்தில் ‘கேலரி 37’ தொடங்கியது. பாடசாலைப் பிள்ளைகளைக் கலைஞர்களிடம் பழகுநராக விட்டு, கையில் காசும் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த ‘ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ்’ திட்டத்தைப் பார்ட்டன் ஹிர்ஷ் குழுவினர் ஆராய்ந்தார்கள். 535 மாணவரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டு, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பயின்றவர்களிடம் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் கூடியிருந்தது. போதைப்பொருள் விற்பது, கும்பல் சேர்வது போன்றவை குறைந்திருந்தன. ஆனால் மாதிரி நேர்முகத் தேர்வில் உட்கார வைத்தபோது இரு பிரிவாருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பாடசாலைப் புள்ளிகளிலும் அப்படியே.

இதை வைத்துத் திட்டம் தோற்றது என்று தீர்ப்பெழுதுவது அவசரம். ஆராயப்பட்டவை கலைப் பயிற்சிகள் மட்டுமல்ல. இடம் கிடைக்காத பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. பெரும்பாலோர் வேறு ஏதோ வகுப்புக்கோ வேலைக்கோ போனார்கள். மடுல்சீமையில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அப்படி ஒரு மாற்று அருகில் இல்லை. பசறைக்கோ பதுளைக்கோ பஸ் ஏற வேண்டும். ஆகவே இங்கே பயன் கூடுதலாகத் தெரிய இடமுண்டு. ஆனால் ‘தொழில் கிடைக்கும்’ என்ற வாக்குறுதியை அந்த ஆய்வு தாங்காது.

ஏன் தாங்கவில்லை என்பதற்கு என் ஊகம் கைவேலைக்குள்ளேயே இருக்கிறது. பதித்த டைலை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி. பொள்ளலாகக் கேட்டால் பின்னால் சாந்து முழுதாகப் பிடிக்கவில்லை, காற்று நிற்கிறது. மேசன் பாஸ் அந்த இடத்திலேயே பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்வார். ஓவிய ஆசிரியரின் கண்ணோ மயிலின் கழுத்து வளைவில் நிற்கும். இரண்டும் வேண்டும், சம்பளம் தருவது முதலாவது. ஊவாவில் வடகீழ்ப் பருவமழை மாதக்கணக்கில் சுவரை ஊற வைக்கும். பொள்ளலாய் நிற்கும் துண்டு அதைத் தாங்குவது சந்தேகம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றடிக்கும் நாட்களில் சுவர் வேலை, மழைக்காலத்தில் மடுவக் கொட்டகைக்குள் வலைத்துணியில் துண்டு அடுக்கும் வேலை என்று பிரிக்காத எந்தத் திட்டமும் இந்த மலையைப் பார்த்துப் போட்டதல்ல.

அடுத்தது காசு. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாவானது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி, விழும் வீட்டில், பதினெட்டு வயதுப் பிள்ளையை மாதக்கணக்கில் உதவித்தொகையை நம்பிச் சுவரோடு விட முடியாது. அரைப்பேர் அளவில் உதவித்தொகை வைத்தால் இரண்டாம் மாதமே பாதிப் பேர் கொழும்பு பஸ்ஸில் இருப்பார்கள்.

யாருடைய சுவர் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. 1992 முதல் தோட்டங்களை நடத்துவது கம்பெனிகள். லயத்துச் சுவர் அதில் குடியிருப்பவருடையதல்ல. வர்ணம் மழையில் போகும், சரியாகப் பதித்த மொசைக் போகாது. தனக்குச் சொந்தமில்லாத சுவரில் அழியாத சித்திரம் பதித்துக் கொடுப்பதைச் சமூகக் கலை என்பதா, கம்பெனிக்கு இலவச அலங்காரம் என்பதா? 2019 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின் நாடெங்கும் இளைஞர்கள் சுவர்களுக்கு வர்ணம் தீட்டினார்கள். உற்சாகம் உண்மையானது. ஆனால் பல சுவர்களில் மன்னர்களும் போர்வீரர்களுமே நின்றார்கள். தோட்டத்தில் அந்த இடத்துக்குக் கூடை சுமந்து சிரிக்கும் பெண் வந்து நிற்பாள். தேயிலைப் பெட்டியில் அவளைப் பார்த்துச் சலித்தாயிற்று.

சுவரில் யாருடைய பெயர் நிற்கும் என்பதும் கேள்விதான். சண்டிகரில் நெக் சந்த் 1957 முதல் யாருக்கும் தெரியாமல், உடைந்த பீங்கானையும் வளையலையும் கொண்டு எழுப்பிய பாறைத் தோட்டத்தை அரசு 1976இல் திறந்துவைத்தது. அவருக்குச் சம்பளமும் ஐம்பது தொழிலாளரையும் தந்தது. நெக் சந்தை உலகம் அறியும். அந்த ஐம்பது பேரில் ஒருவரை?

என் தீர்ப்பு இது. வேலைவாய்ப்புத் திட்டம் என்ற பெயரில் வந்தால் நிராகரிக்க வேண்டும். டைல் பதிக்கும் தொழிலே முதுகெலும்பாக, கலை அதன் மேல் ஏறி நிற்பதாக வந்தால் ஏற்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டா மூலம் மேசன் வேலைக்கு என்.வி.கியூ. எனும் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி ஏற்கெனவே இருக்கிறது; பயிற்சியை அதோடு கட்டிவிட வேண்டும். சுவர், அரசு பொறுப்பேற்ற பாடசாலைச் சுவராக இருக்கட்டும். படத்தைத் தீர்மானிப்பவர்கள் பிள்ளைகளாக இருக்கட்டும். மூலையில் பதிவது நிதி கொடுத்தவரின் சின்னமல்ல, அவர்களின் பெயர்கள். ஓவிய ஆசிரியருக்குச் சமமான சம்பளத்தில் ஒரு மேசன் பாஸை வைக்காத திட்டத்துக்கு என் ஆதரவு இல்லை.